மறுத்த நால்வர்

என் உடம்பிலிருந்து ஒரு உறுப்பை வெட்டி எடுத்துவிடும்படி ஒரு டாக்டரைக் கேட்டேன். அவர் முடியாது என்றார். இந்தக் கட்டுரை அந்த மறுப்பைப் பற்றியது. சுயசரிதம் எழுதும் ஆசை எனக்கில்லை. வியாதியைப் பற்றி எழுதினாலே ஆழமாக எழுதியதாகிவிடும் என்று நம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த விஷயத்தில் என் உடம்பைத் தவிர வேறு சாட்சி எனக்குக் கிடையாது. அதை வைத்துக்கொண்டுதான் பேசியாக வேண்டும்.

உறுப்பின் பெயர் பிராஸ்டேட். ஆண்களுக்கு மட்டும் உண்டு. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயின் ஆரம்பத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பெரிய கொட்டைப்பாக்கு அளவில் உட்கார்ந்திருக்கிறது. வாலிப வயதில் சுமார் 20 கிராம். நகைக் கடன் மேஜையில் தராசைப் பார்த்துப் பழகிய எனக்கு அது இரண்டரைச் சவரன். விந்துவோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. அது இல்லாமலும் உயிரோடு இருக்கலாம். புற்றுநோய் வந்தவர்களுக்கு அதை முழுசாக எடுத்துவிடுகிறார்கள். 1904-லேயே பால்டிமோரில் ஹ்யூ ஹாம்ப்டன் யங் எடுத்துக் காட்டிவிட்டார். எனக்குப் புற்று இல்லை. எனக்கு இருப்பது வலி.

படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் குமாஸ்தா. பதவிக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை குமாஸ்தா வேலைதான். வாழைத் தோட்டக்காரர்களும், ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் விற்றுவிட்டு இறங்கி வருகிறவர்களும் என் கவுன்டருக்கு வருகிறார்கள். நாள் முழுக்க நாற்காலி. ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு நாள், எனக்கு அப்போது முப்பது வயது, நாற்காலியில் யாரோ ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டார்கள் என்று தோன்றி எழுந்து பார்த்தேன். கல் நாற்காலியில் இல்லை. அன்றிலிருந்து அது என்னோடு இருக்கிறது.

வலிக்குத் தமிழில் பெயர் பஞ்சம் இல்லை. கடுப்பு, குத்தல், குடைச்சல், எரிச்சல், காந்தல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, நோவு. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று அல்ல. எனக்குக் காலையில் கடுப்பு. பதினொரு மணிக்குக் கவுன்டரில் குடைச்சல். சாயங்காலம் பஸ்ஸில் காந்தல். ராத்திரியில் வருவதற்கு மட்டும் பேர் இல்லை. தலைவலி வந்தவன் அதைச் சொல்லப் போனால் ஆங்கிலத்தில் சொல் கிடைப்பதில்லை என்று 1926-ல் ஒரு கட்டுரையில் வர்ஜீனியா உல்ஃப் குறைபட்டுக்கொண்டார். அவர் என் பாட்டியைச் சந்தித்திருக்க வேண்டும். ஆனால் பாட்டியின் சொற்களை டாக்டர்களிடம் கொண்டுபோய் என்ன செய்வது? அவர்களிடம் 9 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் தயாரானது. வலிக்கு 21, சிறுநீர்த் தொந்தரவுக்கு 10, அன்றாட வாழ்க்கை எவ்வளவு கெட்டது என்பதற்கு 12, ஆக மொத்தம் 43. நான் 31 வாங்கினேன். பி.ஏ. ஆங்கிலத்தில்கூட எனக்கு இந்த சதவிகிதம் வந்ததில்லை.

வியாதியின் பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவனுக்குத் தலைப்பைச் சந்தேகிக்கும் பழக்கம் உண்டு. நாட்பட்ட பிராஸ்டேட் அழற்சி என்கிறார்கள். இந்தப் பெயர் ஒரு தீர்ப்பு: வலி இந்த உறுப்பில்தான் இருக்கிறது, இந்த உறுப்பு வெந்துகொண்டிருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இருவர் நோயாளியின் சிறுநீரை முதலில், நடுவில், சுரப்பியை விரலால் அழுத்திய பின் என்று பிரித்துப் பிடித்து, சுரப்பியிலிருந்து கசியும் நீரையும் சேர்த்து, கிருமி எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி செய்தார்கள். வழி சரியானது. கிருமிதான் பெரும்பாலோரிடம் அகப்படவில்லை. 1978-ல் டிராக் முதலானவர்கள் ஒரு வகைப்பாடு செய்தபோது, கிருமியும் இல்லை, அழற்சிக்கு அடையாளமும் இல்லை, வலி மட்டும் இருக்கிறது என்ற கூட்டத்துக்குப் பிராஸ்டேட்டோடைனியா என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்குப் பிராஸ்டேட் வலி என்று அர்த்தம். எனக்கு அங்கே வலிக்கிறது என்று போய்ச் சொன்னவனை, உனக்கு அங்கே வலிக்கிறது என்று கிரேக்கத்தில் சொல்லித் திருப்பி அனுப்புவது.

1995-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய கூட்டத்தில் நாலு பிரிவுகள் வகுத்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் மூன்றாவது பிரிவில் விழுகிறார்கள். நானும் அதில்தான். அதற்கு இரட்டைப் பெயர்: நாட்பட்ட பிராஸ்டேட் அழற்சி என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, நாட்பட்ட இடுப்புக்குழி வலித் தொகுதி என்று எழுதுகிறார்கள். அந்தச் சாய்கோட்டை நான் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு குற்றவாளி பெயரோடு நிற்கிறான். வலப்பக்கம், குற்றம் இந்தத் தெருவில் நடந்தது, செய்தது யார் என்று தெரியவில்லை என்கிறார்கள். வைத்தியப் புத்தகங்களில் இவ்வளவு நேர்மையான நிறுத்தற்குறியை நான் பார்த்ததில்லை. ஆனால் வலிக்கிறவனுக்குச் சாய்கோடு எதற்கு? அவனுக்குக் குற்றவாளிதான் வேண்டும்.

அதனால் கேட்டேன். எடுத்துவிடுங்கள் டாக்டர் என்றேன். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. அறுபதை நெருங்கும் மனிதர். புற்றுக்காகப் பலருக்கு இந்தச் சுரப்பியை எடுத்தவர். அவர் சொன்னது இது: "எடுத்தா வலி போகும்னு தெரிஞ்சா நாளைக்கே எடுப்பேன் சார். வலி அதுக்குள்ளதான் இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" வலிதான் சொல்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிருமி நிச்சயமாகி, சுரப்பிக்குள் அதற்கு இருப்பிடமாகக் கற்களும் இருந்து, எந்த மருந்துக்கும் மசியாத ஒரு சிலருக்கு அறுவை உதவியிருக்கிறது. நீங்கள் அவர்களில் ஒருவர் அல்ல என்றார். சிறுநீரை அடக்கும் சக்தி போகலாம், எழுச்சி போகலாம், விந்து வெளிவருவது கண்டிப்பாகப் போய்விடும் என்றார். எனக்குக் கல்யாணமாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு காரணம் இல்லாமல் வெறும் வலிக்காக இந்தச் சுரப்பியை எடுக்க ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகளும் இடம் கொடுப்பதில்லை என்று நானே பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. இதே மனிதர், இதே கத்தியால், இதே உறுப்பை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அடுத்த வாரம் எடுக்கப் போகிறார். அவருக்கு வலியே இல்லை. அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. சதைத் துணுக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்த யாரோ கையெழுத்துப் போட்ட காகிதம். வங்கியிலும் இதுதான் நடைமுறை: வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, ஆவணம் கொண்டு வா. வலி என்பது ஆவணமில்லாத சொத்து. விட்கென்ஸ்டைன் சொன்ன பெட்டிக்குள் வண்டு; அவரவர் பெட்டியை அவரவர்தான் திறந்து பார்க்க முடியும். சாவுக்குச் சாட்சி உண்டு, வலிக்குச் சாட்சி கிடையாது. அதனால்தான் புற்றுக்குக் கிடைக்கும் அனுமதி வலிக்குக் கிடைப்பதில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பை முழுதாகக் கைவிட்டுவிடவில்லை.

இந்தக் கோபத்தோடு படவேட்டுக் கோயிலுக்குப் போனேன் என்று எழுதினால் சிறுகதையாகிவிடும். நான் போனது உண்டியல் எண்ண. ஆடி வெள்ளிகள் முடிந்த பின் ரேணுகாம்பாள் கோயிலில் உண்டியலைத் திறந்தார்கள். எண்ணி வாங்க வங்கியிலிருந்து ஆள் போக வேண்டும். தரையில் ஜமக்காளம் விரித்துச் சில்லறையைக் கொட்டினார்கள். தரையில் சப்பணம் போட்டு உட்காருவது எனக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று விவரிக்கப் போவதில்லை. ஒரு மணிக்கொரு தரம் எழுந்து நின்றுகொண்டேன். நோட்டுக்கும் காசுக்கும் நடுவே வெள்ளித் தகடுகள் வந்தன. கண் அடித்த தகடு, கை, கால், முழு மனிதன். உடம்பில் எது நொந்ததோ அதைத் தகட்டில் அடித்து அம்மனிடம் கொடுத்துவிடுவது நம் வழக்கம். கொடுத்த பிறகும் உறுப்பு அவனிடமே இருக்கிறது. கொடுத்தது அதன் படத்தை. ஒவ்வொரு தகடாகத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய உறுப்பு அதில் இல்லை. கண்ணாலே பார்த்திராத உறுப்புக்குத் தட்டான் எப்படி அச்சு செய்வான்?

படவேட்டுக் கருவறையில் வணங்கப்படுவது சிரசு. கதை எல்லோருக்கும் தெரியும். கமண்டல நாகநதிதான் அந்த ஆறு என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். தண்ணீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் ரேணுகையின் மனம் அசைந்தது. பச்சை மண்ணில் அவள் வனைந்த குடம் அன்று கூடவில்லை. ஜமதக்னி அவள் தலையை வெட்டச் சொன்னார். பரசுராமன் வெட்டினான். வரம் கேள் என்றதும் அம்மாவின் உயிரைக் கேட்டான்.

அன்று காசு எண்ணிக்கொண்டே இந்தக் கதையில் இரண்டு இடங்களில் முட்டிக்கொண்டேன். ஒன்று, பாரதத்தில் பரசுராமன் கேட்கும் வரம். உயிர் மட்டும் போதாது, வெட்டுண்ட நினைவும் இல்லாமல் போக வேண்டும் என்கிறான். இது என்ன என்று இன்றைக்கு எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் சொல்வார்கள். மயக்க மருந்து. வெட்டு நடக்க வேண்டும், ஆனால் நடந்தது அனுபவமாகக் கூடாது. நான் டாக்டரிடம் கேட்டதும் இதைத்தான்: தூங்கி எழுந்தால் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மறுத்தவர்கள். ஜமதக்னி முதலில் பரசுராமனிடம் சொல்லவில்லை. மூத்த மகன்கள் நாலு பேரிடம் சொன்னார். நால்வரும் மறுத்தார்கள். பாரதம் அவர்களுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறது: ருமண்வான், ஸுஷேணன், வஸு, விஸ்வாவஸு. படவேட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரு பெயர் தெரியாது. வெட்டியவன் அவதாரப் பட்டியலில் இருக்கிறான். வெட்டுப்பட்டவள் கோயிலில் இருக்கிறாள். வெட்டச் சொன்னவர் யாகம் செய்த இடம் என்று காட்டி, மண்ணுக்குள்ளிருந்து விபூதி எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுத்த நாலு பேருக்குக் கல் ஒன்றுகூட நடவில்லை. தகப்பன் சாபத்தில் அவர்கள் மிருகத்தையும் பறவையையும் போல அறிவு மங்கி ஜடமாகிப் போனார்கள். அவர்களை மீட்கவும் பரசுராமனின் வரம்தான் வேண்டியிருந்தது. வெட்டுகிற கைக்கு நம் மரபில் எவ்வளவோ இடம் இருக்கிறது. கத்தி வைத்துச் சுடுகிற வைத்தியன் மேல் நோயாளிக்கு வற்றாமல் இருக்கும் பிரியத்தைத்தான் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமாளிடம் தன் பக்திக்கு உவமையாக வைத்தார். வெட்ட மாட்டேன் என்கிறவனிடம் நோயாளிக்கு என்ன உறவு? அதற்கு உவமை எனக்கு அகப்படவில்லை.

நாட்டார் வழக்கில் கதை இன்னும் கோணலாகிறது. ரேணுகைக்கு அடைக்கலம் கொடுத்த சேரிப் பெண்ணும் கூடவே வெட்டுப்படுகிறாள். ஒட்டும் அவசரத்தில் தலையும் உடலும் இடம் மாறிவிடுகின்றன. அந்த இன்னொருத்தியை வெட்டும்படி யாரும் உத்தரவிடவில்லை. கதை அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்றைய ஆஸ்பத்திரிப் படிவங்களில் இதற்கு எதிர்பாராத பின்விளைவு என்று ஒரு தலைப்பு உண்டு.

உறுப்பைக் குற்றவாளியாக்கும் சிந்தனைக்குச் சரித்திரம் நீளமானது. வயதான காலத்தில் பிராஸ்டேட் வீங்கினால் விதைகளை எடுத்துவிடலாம் என்று பிலடெல்பியாவில் வில்லியம் வைட் 1893-ல் யோசனை சொன்னார். அந்தப் பத்தாண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கிழவர்களுக்கு எடுத்தார்கள். இந்தியாவில் ராணுவ மருத்துவராக ஏறத்தாழ இருபது வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்குப் போன பீட்டர் ஃப்ரேயர், வீங்கிய பகுதியையே வயிற்று வழியாகத் தோண்டி எடுக்கும் முறையை 1901-ல் அறிவித்த பிறகு அந்தப் பழக்கம் ஒழிந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாத மனிதர் ஹென்றி காட்டன். நியூ ஜெர்சியில் ட்ரென்டன் மனநல மருத்துவமனைக்கு 1907-ல் தலைவரானவர். பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ் என்பது அவர் கட்சி. முதலில் பல்லைப் பிடுங்கினார். குணமாகாதவர்களுக்கு டான்சில். அதற்கும் மசியாதவர்களுக்குப் பெருங்குடல், மற்றவை. நூற்றுக்கு 85 பேர் குணமாகிவிட்டதாக அறிவித்தார். பெருங்குடலை இழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தே போனார்கள். அவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. அப்படிச் சொல்ல முடியாது. அவர் தன் சொந்த மகன்களின் பற்களையும் பிடுங்கியவர். அவருடைய தர்க்கத்தில் எனக்குப் பயம் தருவது ஒன்றுதான்: ஒரு உறுப்பை எடுத்தும் நோய் போகவில்லை என்றால், உறுப்பு நிரபராதி என்று அவர் முடிவு செய்யவில்லை, கூட்டாளி இன்னும் உள்ளே இருக்கிறான் என்று முடிவு செய்தார். எனக்கு இந்தச் சுரப்பியை எடுத்து வலி போகவில்லை என்றால் அடுத்து எதைக் கைகாட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பைகள் இருக்கின்றன.

1959-ல் மார்வலிக்காரர்கள் 17 பேரை வைத்து லெனர்ட் காப் என்பவரும் சகாக்களும் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. அந்த நாளில் மார்வலிக்கு மார்புக்கூட்டின் உள்ளே ஓடும் ஒரு ரத்தக் குழாயைக் கட்டிவிடுவார்கள். 8 பேருக்குக் கட்டினார்கள். 9 பேருக்குத் தோலைக் கீறித் தைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரு தரப்பாருக்கும் ஒரே மாதிரி வலி குறைந்தது. 2002-ல் ஹூஸ்டனில் 180 பேரின் முழங்கால் வலியில் மோஸ்லியும் அதே கதையைத்தான் கண்டார். பிராஸ்டேட்டுக்கு இப்படி ஒரு பொய் அறுவை செய்து ஒப்பிட முடியாது. எழுந்த மறுநாளே நோயாளிக்குத் தெரிந்துபோகும். 2016-ல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், என்னைப் போல எதற்கும் அடங்காத வலிக்காரர்கள் 4 பேருக்கு ரோபோக் கையால் சுரப்பியை முழுசாக எடுத்து, வலியின் மதிப்பெண் குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். நாலு பேர். அந்த நாலு பேரைப் பல ராத்திரிகள் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். கத்தி பட்டதால் குறைந்ததா, உறுப்பு போனதால் குறைந்ததா?

எதனால் குறைந்தால் என்ன, குறைந்தது அல்லவா என்று வலிக்கிறவன் கேட்பான். நானே கேட்டேன். இதை எளிதாக ஒதுக்க முடியாது. தத்துவம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அன்றைக்கு வலி இல்லாதவர்கள். ஆனால் வாங்கும் பொருள் என்ன என்று தெரியாமல் விலை கொடுப்பது வேறு விஷயம். கீறித் தைத்தாலே கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்கு நான் இரண்டரைச் சவரனைக் கொடுத்திருப்பேன். அடகு வைத்ததை வட்டி கட்டி மீட்டுக்கொள்ளலாம். இது அடகு அல்ல.

எடுத்த பிறகு வலி அங்கேயே தங்கிவிட்டால்? வெட்டிய கால் வலிப்பதற்கு வெயர் மிட்செல் 1871-லேயே பெயர் வைத்துவிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டியை வைத்து, இல்லாத கையின் இறுக்கத்தைத் தளர்த்திக் காட்டினார். மலக்குடலை இழந்தவர்களில் சிலருக்கு இல்லாத மலக்குடல் வலிக்கிறது. வாழைக்கு வாடல் நோய் வந்தால் மரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டாலும் பூசணம் மண்ணில் வருஷக்கணக்காக இருக்கும் என்று கடன் தவணை கேட்க வந்த ஒரு தோட்டக்காரர் சொன்னார். அவர் தன் ரஸ்தாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வியாதிக்காரனுக்கு எல்லாமே உவமையாகிவிடும் ஆபத்து உண்டு, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இவ்வளவு படித்தும் என் கோபம் தணிந்துவிடவில்லை. அதைத் திசை திருப்பியது அம்மா. நான் ஆபரேஷனுக்குக் கேட்டதையும் டாக்டர் மறுத்ததையும் ஒரு நாள் அவளிடம் சொன்னேன். எந்த உறுப்பு என்று விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "என்னை யாரும் வாணாம்னு சொல்லலியே."

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இடுப்பு வலி, பெரும்போக்கு என்று போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு, வைத்திருந்தால் புற்று வரும் என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். இதெல்லாம் நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு ஒரு சித்தி வந்து பத்து நாள் சமைத்தாள் என்பது மட்டும் ஞாபகம். கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்பதை நம் வீடுகளில் காஸ் சிலிண்டர் மாற்றியாச்சு என்கிற தொனியில்தான் சொல்கிறார்கள். "எடுத்துட்டா சரியாப் பூடும்னு சொன்னாங்க. இடுப்பு இன்னிக்கும் அப்படியேதான் இருக்குது," என்றாள் அம்மா. இருபத்தைந்து வருஷமாக அந்த இடுப்பு வலியை நான் கேட்டதே இல்லை. தாளில் 9 கேள்விகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019-ல் அந்த அரசு அமைத்த குழு கணக்கெடுத்தது. 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிடாய் நாளில் வெட்டு நின்றால் கூலி பிடிப்பார்கள். அந்த நாட்களே இல்லாமல் செய்துவிட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. தில்லியில் நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்கென்று மயக்க மருந்து வாங்கிக்கொண்டு படுத்தார். மயக்கத்தில் இருந்தபோதே வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம், அவசர நிலை இல்லாதபோது, வயது வந்த ஒருத்திக்காக அவள் அம்மா கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு 25,000 ரூபாய்.

இங்கேதான் என் வாதம் எனக்கே கசக்க ஆரம்பித்தது. வலிக்கிறவன் சொல்லை டாக்டர் நம்பவில்லை என்று கோபப்பட்டேன். அம்மா விஷயத்திலோ, பீட் பெண்கள் விஷயத்திலோ கத்தி அவ்வளவு சீக்கிரம் வந்தது அவர்கள் சொல்லை நம்பியதாலா? அவர்களையும் யாரும் கேட்கவில்லை. வெட்டத் தயாராக இருப்பதைக் கருணை என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு மறுப்புக் கிடைத்ததற்குக் காரணம் வைத்திய விவேகம் மட்டுமல்ல. ஆணின் எழுச்சியும் ஆணின் விந்தும் ஒரு டாக்டரின் கையைத் தயங்க வைக்கும் சொத்துக்கள். பிள்ளை பெற்று முடித்தவளின் கர்ப்பப்பை அப்படி அல்ல. கல்யாணமாகாத என்னிடம் அவர் நாற்பது நிமிஷம் பேசினார். அம்மாவிடம் யார் நாலு நிமிஷம் பேசியிருப்பார்கள்? ரேணுகைக்காகவாவது நாலு பேர் மறுத்தார்கள்.

மறுத்த டாக்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு அவர் என்னை அனுப்பிவிடவில்லை. இடுப்புக்குழியின் தரையாக இருக்கும் தசைகள் இறுகிப்போய் இருக்கலாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். ஒரு மாத்திரை மாற்றினார். மாதம் ஒரு தடவை வாருங்கள் என்றார். போனபோதெல்லாம் முதலில் அந்தத் தாளை எடுக்காமல், இப்போ கடுப்பா குடைச்சலா என்று கேட்டார். பிரமாதமான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். 31 இப்போது 22. அந்த 22-ஓடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்து. மறுத்த நால்வரைச் சாபம் ஜடமாக்கியது என்ற இடம் எனக்கு இப்போது வேறு மாதிரிப் படுகிறது. மறுத்துவிட்டு ஜடம்போல நிற்பவர்களைத்தான் நாம் ஆஸ்பத்திரிகளில் அதிகம் பார்க்கிறோம். மாட்டேன் என்று சொன்ன பிறகும் பேசிக்கொண்டிருப்பது அந்த நாலு பேராலும் முடியவில்லை.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. நாலு மாதத்துக்கு முன், வலி ஏறியிருந்த ஒரு வாரத்தில், இன்னொரு நகரத்தில் இன்னொரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ரோபோ வைத்திருக்கும் ஆஸ்பத்திரி. புதுச்சேரி ஜிப்மரில் படித்த மணி மேனன் டெட்ராய்ட்டுக்குப் போய்ப் பிராஸ்டேட்டுக்கென்று வளர்த்தெடுத்த அதே வித்தை. இவர் பதினைந்து நிமிஷத்தில் சம்மதித்தார். நிச்சயமில்லை, ஆனால் முயலலாம், உடம்பு உங்களுடையது என்றார். அவரைக் கெட்டவர் என்று எழுத என் கை வரவில்லை. ஆறு வருஷத்தில் என் வாய்ச்சொல்லை ஆவணமாக ஏற்றுக்கொண்ட ஒரே டாக்டர் அவர். என் சொல்லை நம்பியவர் வெட்டத் தயார். நான் சொல்லும் இடத்தைச் சந்தேகித்தவர் என்னோடு உட்கார்ந்து பேசுகிறார். இரண்டில் எது மரியாதை? ஒரு நாள் ஒரு விதமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் தோன்றுகிறது. உடம்பு என்னுடையதுதான். வெட்டும் கை என்னுடையது அல்ல. என் சம்மதம் என் உடம்பைத் திறந்துவிடலாம். இன்னொருவன் செய்வதை அது நியாயமாக்கிவிடுமா? பரசுராமனுக்கும் உத்தரவு இருந்தது.

படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். படிவங்களைப் படிப்பது என் தொழில். கடன் பத்திரத்தைப் போலவே இருந்தது. எந்த இழப்புக்கும் யாரும் பொறுப்பில்லை என்று ஏழு விதமாகச் சொல்லியிருந்தார்கள். என் கையெழுத்துக்கு ஒரு இடம். கீழே, சாட்சி, நெருங்கிய உறவினர் என்று ஒரு இடம். மேஜை இழுப்பறையில் வைத்திருந்ததை இந்த ஆடி மூன்றாம் வெள்ளியன்று அம்மாவிடம் காட்டினேன். அவள் படவேட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியில் அந்த மண்ணின் விபூதி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சாட்சின்னு போட்டிருக்குதே," என்றாள். "உன் வலிய நான் என்னாத்தடா பாத்தேன்?"